அடித்தட்டு

திருமலை வீதி சூப்பர்மார்க்கட்டில்
பருப்பையும் ஷாம்பூவையும் கடந்து போனால்
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மூலை.
வெளியில் மட்டக்களப்பு வெந்துகொண்டிருந்தது.
உள்ளே நான்,
கைப்பையில் நாலாயிரம் ரூபாய்,
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லையென்று
என்னோடு நானே பேசி முடித்து வந்தவள்.

இயோனாவுக்குப் பதவி உயர்வு.
சின்ன உப்போடையில் இரவுச் சாப்பாடு.
"ஒண்டும் கொண்டு வராத" என்றாள்.
அப்படிச் சொன்னால் என்ன கொண்டுபோவதென்று
பதினெட்டு வருடம் பக்கத்து மேசையில்
நெல்லுக் கணக்கு எழுதியவளுக்குத் தெரியாதா?

மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்.
கொடுவாயின் கண் கலங்கியிருந்தால்
விற்கிறவன் முகத்தையும் பார்க்கமாட்டேன்.
வத்தகப்பழத்தைத் தட்டிக் காது வைப்பேன்.
இதை என்ன செய்ய?
தட்டினால் கண்ணாடிச் சத்தம்தான்.
வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்லாமல்
வாய் பூட்டி நிற்கின்றன எல்லாம்.

கண்ணுக்கு நேரே இருந்த தட்டில்
ஆறாயிரத்து நானூற்றைம்பது.
பொன்னெழுத்து, ஒரு கோட்டை, ஒரு குதிரை.
கோட்டைக்கு ஆயிரம், குதிரைக்கு ஆயிரம்
கழித்துப் பார்த்தேன்.
பொன்னெழுத்துக்கும் கொஞ்சம் கழித்தால்
மிச்சம் என் கையில் உள்ள காசுதான்.

மேல்தட்டில்
பின்னேர வெயில் யன்னலால் வந்து
போத்தல்களின் தோளில் விழுகிறது.
எத்தனை மாதமாய் விழுகிறதோ,
விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசு.
அவிந்த திராட்சைக்குப் பதினாலாயிரம் கொடுக்க
நான் என்ன பட்டத்து ராணியா.

குந்தினேன்.
சாரியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
அடித்தட்டின் முன்னே,
நெல் மூட்டைக்குக் குத்தூசி போடுகிறவள் மாதிரி
முழங்கை வரை கையை உள்ளே விட்டேன்.
ஏசிக் காற்று அங்கேதான் இறங்குகிறது.
பின்வரிசையில் ஒன்று குளிர்ந்து கிடந்தது.
சிலி. சிவப்பு. முந்தின வருடத்துக்கு முந்தினது.
கோட்டை இல்லை, குதிரை இல்லை,
மலை மாதிரி ஒரு கோடு மட்டும்.
திருகு மூடி.
இயோனா வீட்டில் தக்கை இழுக்கும் கம்பி கிடையாது;
போன நத்தாருக்குக் கறிக்கத்தியால்
தக்கையை உள்ளே தள்ளிவிட்டு
தேயிலை வடியில் வடித்துத்தான் குடித்தோம்.
மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
எழுநூற்றைம்பதால் பிரித்தேன்:
மில்லிக்கு ஐந்து ரூபாய் பத்தொன்பது சதம்.

காசாளர் பொடியன் போத்தலைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
என் தோளுக்குப் பின்னால் தேடினான்.
"அக்கா, பொம்புளையளுக்கு பில் போட ஏலாது.
ஆம்புளையள் ஆரும் வரல்லியா?"
குரலில் வெட்கம் இருந்தது.
அதனால் கோபம் பாதிதான் வந்தது.

பின்னால் ஒரு ஆட்டோச் சாரதி.
ஒரு கையில் கால் போத்தல் சாராயம்,
மறு கையில் பால்மா பக்கற்.
"தா தங்கச்சி, நான் போடுறன்" என்று
என் நாலாயிரத்தை வாங்கியவர்
விலை விழுந்ததும் வாய் பிளந்தார்.
"இந்தக் காசுக்கு முழுப் போத்தலே வருமே கா!
மறுகா கச்சானும் வருமே!"
அவர் கணக்கிலும் பிழையில்லை.

போன் நம்பர் கேட்டான் பொடியன்.
அவர் தன்னுடையதைச் சொன்னார்.
பற்றுச்சீட்டு நீண்டு வந்தது:
முப்பத்தெட்டுப் புள்ளிகள்.
திரு. புவனேந்திரராசா அவர்களே,
உங்கள் சிறந்த தெரிவுக்கு நன்றி.

வெளியே, வெயிலில்,
"சின்ன உப்போடைக்கு எவ்வளவு?" என்றேன்.
"உனக்கெண்டா நூத்தம்பது."
"என்ர முப்பத்தெட்டுப் புள்ளியைக் கழியுங்க.
நூத்திப் பன்னிரண்டு.
மிச்சக்காசு நூத்திப்பத்துத்தான் கிடக்கு,
ரெண்டு ரூபாயை விடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினார்.
கணக்கில் நான் சிரிப்பதில்லை.
போத்தலை மடியில் வைத்துக்கொண்டேன்,
மூடாமல்.
அது இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.