எட்டு மில்லிமீற்றர்

வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில்
தண்டவாளக் கல்லிடுக்கில் பிடுங்கியது.
பதிவேட்டில் அதற்கு லத்தீன் பெயர்,
எனக்குக் குப்பைமேனி.
பூனைவணங்கி என்றும் சொல்வார்கள்.
ஏனென்று இரண்டாம் நாள் தெரிந்தது:
வேரோடு உலரப் போட்ட தட்டின்மேல்
ஆய்வுகூடத்துப் பூனை புரண்டு புரண்டு
கண் செருகிக் கிடந்தது.
மூன்றாம் தட்டை நீக்கினோம்.
காரணம் என்ற கட்டத்துக்குள்
"மாசு" என்று எழுதினாள் தில்ருக்‌ஷி.
சந்தோஷம் என்று எழுத
அங்கே இடமில்லை.

நிழலில் ஒன்பது நாள்.
அரைத்தபின் முந்நூறு கிராம் தூள்.
மெதனோலில் மூன்று இரவு ஊறி
சுழலும் குடுவையில் வற்றி
கரண்டி நுனியில் தார்போல் ஒட்டியது
பதினொரு கிராம்.
கடலோரம் முழுக்கக் குனிந்த என் முதுகு
பதினொரு கிராம்.

முதலில் ஊதாவைச் சோதித்தோம்.
நாவற்பழம் தின்ற நாக்கின் ஊதா;
சோடியில்லாத ஒற்றை இலத்திரனோடு
தவிக்கிற மூலக்கூறின் நிறம்.
அதில் துளித்துளியாய்ச் சாற்றை விட்டு
அரை மணி நேரம் இருட்டில் வைத்தோம்.
எடுத்தபோது மஞ்சள்.
யாரும் கெஞ்சவில்லை, யாரும் பார்க்கவில்லை,
இலை தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டிருந்தது.

அன்றிரவு என் அறை யன்னலைப் பார்த்தேன்.
கடலுக்கு முகம் கொடுத்த கம்பி.
வீட்டுக்கார மனுவேற்பிள்ளை
தை மாதம் வெள்ளை பூசுவார்,
ஆனி பிறக்குமுன் பூச்சுக்கடியில் கொப்புளம்.
விரல் வைத்தால் செம்பொடி.
உடம்புக்குள்ளும் இதுதான் நடக்கிறதாம், மெதுவாக.
சாறு அதைத் தடுத்தது
கண்ணாடிக் குழாய்க்குள்,
கம்பியில் அல்ல,
என்னில் அல்ல.
இந்த வித்தியாசத்தை
மருந்துப் போத்தல் விற்கிறவர்களிடம்
சொல்லிப் பாருங்கள்.

பிறகு பற்றீரியா.
அகார் தடவிய கிண்ணத்தில் ஐந்து தாள்வட்டம்:
மூன்றில் சாறு, ஒன்று, இரண்டு, நான்கு மடங்காய்;
ஒன்றில் கடையில் வாங்கும் மருந்து;
ஒன்றில் இலையே படாத வெறும் மெதனோல்.
முப்பத்தேழு பாகையில் ஓர் இரவு.
நடுச்சாமம் மின்சாரம் போனது.
காவலாளி டீசல் ஊற்றி இயந்திரத்தை உதைத்து எழுப்பி
"உங்கட கிருமிகளுக்குக் குளிர் பிடிக்காதோ?"
என்று தொலைபேசியில் கேட்டார்.

விடிந்ததும் திறந்தோம்.
மங்கிய பரப்பில் தெளிந்த வளையங்கள்,
சிறு நிலவுக்கு ஒளிவட்டம் கட்டியதுபோல.
தில்ருக்‌ஷி விசிலடித்தாள்.
அளவுகோல் வைத்தேன்:
மருந்துக்கு இருபத்திரண்டு.
சாற்றுக்கு எட்டு.
இரண்டு மடங்குக்கும் எட்டு.
நான்கு மடங்குக்கும் எட்டு.
அங்கேதான் வயிற்றில் ஏதோ இறங்கியது.
ஐந்தாவதை அளந்தேன்.

எட்டு.

தாளைக் காயவிடாமல் வைத்தது என் கை.
கொன்றது சாராயத்தின் ஒன்றுவிட்ட தம்பி.
இலை கொன்றதா
இந்தக் கிண்ணத்துக்குத் தெரியாது.

படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்
பேராசிரியர் நிலாம்தீன்,
வெள்ளிக்கிழமை கருத்தரங்கு.
தில்ருக்‌ஷி கைபேசியை உயர்த்தினாள்.
திரைக்குள் நான்கு வட்டங்கள்
அளவெடுத்துத் தைத்ததுபோல் அடங்கின,
ஐந்தாவது ஓரத்துக்கு வெளியே.
மின்விசிறி சுற்றியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

அவள்தான்
ஓர் அடி பின்னால் போனாள்.

சனிக்கிழமை மறுபடி தண்டவாளம்.
பாணந்துறை ரயில் போகும்வரை ஒதுங்கி நின்று
பையை விரித்தேன்.
இறால்வடைக் கூடையோடு போனவர் நின்று கேட்டார்:
"என்ன, சொறிக்கா?"
"இன்னும் தெரியாதண்ணை" என்றேன்.
அவர் சிரித்தார்,
தனக்குத் தெரியும் என்பதுபோல.
தெரிந்துமிருக்கலாம்.
இம்முறை
வேரை மண்ணிலேயே விட்டேன்,
பூனைகளுக்கு.