ஒரே வாரம்

க்யூர்பிப்பில் மழை நின்ற நாளைக்
காலண்டரில் வட்டம் போட்டு வைப்போம்.
சுவரில் பாசி, செருப்பில் பாசி,
முந்தாநாள் ரொட்டியில் பச்சை மயிர்.
இந்த ஊரில்தான் எனக்குப்
பூஞ்சை புகாத அறையில் வேலை.

சடையன் மிசியே கிளெமான்சியாவிலிருந்து
சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார் ஒரு பக்கக்கன்று.
ஜிஞ்ஜெலி வாழை. மற்றதையெல்லாம்
போன புயல் படுக்கவைத்துவிட்டதாம்.
"பத்திரம்" என்றார்.
பத்திரமாகத்தான் வெட்டினேன்:
மட்டை, அதற்குள் மட்டை, அதற்குள்ளும் மட்டை.
உரித்துப் போட்டது ஒரு வாளி.
கடைசியில் கத்தி நுனியில் நின்றது
குருணை அளவு வெள்ளை முனை.
"இதுவா?"
"இதுதான். மீதியை மாட்டுக்கு எடுத்துப் போங்கள்."
அவரிடம் மாடு இல்லை.

குழந்தை உணவு வந்த கண்ணாடிக் குப்பிகள்
காப்பகத்திலிருந்து எங்களுக்கு வரும்,
மூடியில் இன்னும் காரட் படத்தோடு.
அடியில் கடற்பாசிக் கூழ், சர்க்கரை, உப்புகள்.
போர்ட் லூயி சந்தையில் அலூடா குடித்தால்
நாக்கில் அதே கூழ் வழுக்கும்;
பாதியில் வைத்துவிடுவேன்.

சலித்த காற்று முகத்தில் வீசும் மேஜையில்
அலகு குத்தியவள்போல் வாய் திறக்காமல் வெட்டுவேன்.
சாராயத்தில் கத்தி. நெருப்பில் கத்தி.
ஒன்று நான்காகும், நான்கு பதினைந்தாகும்.
வாழையடி வாழை என்பார்கள்.
இங்கே அடி ஏது?
பெயருக்குப் பதில் ஓர் எண்,
வெட்டியவள் நான் என்பதற்கு ஓர் எழுத்து.

ஐந்தாம் சுற்றில்
ஒரு குப்பியில் மட்டும் இலை குறுகித் தடித்து,
ஓரத்தில் மெழுகு வழித்ததுபோல்.
எடுத்து அழித்துவிடு என்பது விதி.
மணி நாலே முக்கால். பஸ் போய்விடும்.
மற்றவற்றோடு தட்டில் தள்ளினேன்.
இரக்கமெல்லாம் இல்லை. பஸ்தான்.

அறுநூறு கன்றுகள் லாரி ஏறின.

அடுத்த வருஷம் வந்தார்,
குடையை மடக்காமலே கத்தினார்:
"அறுநூறும் ஒரே வாரம், மம்ஸெல்!
அறுநூறு தார்!
ஃப்ளாக் சந்தையில் என்னைக் கண்டு ஒளிகிறார்கள்.
கோயிலுக்கு நாற்பது கொடுத்தேன்,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி கல்யாணத்துக்குக் கொடுத்தேன்,
போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால்
என்ன தப்பு செய்தாய் என்று கேட்கிறான்."

ஒன்றைப் போலவே ஒன்று வேண்டுமென்று
கையெழுத்துப் போட்டவர் அவர்.
நான் வாயைத் திறக்கவில்லை, தொழில் பழக்கம்.

பிறகு போனில் ஒரு படம் காட்டினார்.
வெட்டிச் சாய்த்த வரிசைகளுக்கு நடுவே
இடுப்புயரத்தில் ஒன்று,
தார் தள்ளாமல், தடித்த இலையோடு.
"இது மட்டும் ஏன் இப்படி?"
விரலால் பெரிதாக்கினேன்.
ஓரத்தில் அந்த மெழுகு.

"மழை" என்றேன்.
"கிளெமான்சியாவில் இந்த வருஷம் மழையே இல்லையே."
"இங்கே" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தார். குடையை மடக்கினார்.
"அதை மட்டும் வெட்டவில்லை" என்றார்.
"அடுத்த மாதம் விற்க
எனக்கு ஏதாவது வேண்டாமா?"