எடைபோடுகிறவன்

சத்ருஞ்சய மலையின் முதல் படிக்கு
முப்பது அடி முன்னால் என் தராசு.
மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு.
பாவ்நகரில் பருத்தி ஆலையொன்று மூடியபோது
ஏலத்தில் எடுத்தது.
பக்கத்தில் இன்னும் ஆலையின் பெயர், பாதி.

விடியுமுன் நான்கு மணிக்கு
பேருந்துகள் ஆட்களைக் கொட்டுகின்றன.
நடக்கிறவர்களுக்கு என்னிடம் வேலையில்லை.
எழுபது கிலோ வரை ஒரு கூலி,
தாண்டினால் இன்னொன்று,
எண்பத்தைந்துக்கு மேல் நான்கு தோள்.

தராசில் ஏறும்போது எல்லோரும்
மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள்.
யார் கற்றுக்கொடுத்ததோ.
கைப்பையைக் கழற்றி மருமகளிடம் தருவார்கள்.
ஐந்தாவது படியில் அதே பை
டோலிக்குள், அவர்கள் மடியில்.
ஜீவிக்குத் தெரியும், மங்கிக்கும் தெரியும்.
மூங்கில் வந்து சொல்லிவிடும் தோளிடம்.

வெள்ளைச் சீலைத் துறவிகள்
கக்கத்தில் கம்பளித் துடைப்பத்தோடு
வெறுங்காலில் என்னைக் கடந்து போவார்கள்.
ஒருத்தி ஒருமுறை நின்றாள்.
"மேடையில் எறும்பு.
அது இறங்கும்வரை யாரையும் ஏற்றாதே."
வரிசையில் இருபத்திரண்டு பேர்.
எறும்புக்கு அவசரமே இல்லை.

கார்த்திகைப் பௌர்ணமியன்று மலை திறந்தது.
மழைக்கு நான்கு மாதம் மூடிக் கிடந்த மலை.
அந்த நான்கு மாதம் ஜீவி கடலை பிடுங்கினாள்,
மங்கி யாரோ வீட்டில் பாத்திரம் கழுவினாள்,
நான் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன்.

சூரத்திலிருந்து நவல்சந்த் வந்தார், வைரத் தரகர்.
"எழுபது கிலோ இருநூறு" என்றேன்.
குனிந்து முள்ளைப் பார்த்தார்,
கண்ணில் லென்ஸ் செருகாத குறை.
"எழுபது" என்றார். "உன் முள் சாய்ந்திருக்கிறது."
காரட் கணக்கில் வாழ்கிறவரிடம்
கிராமுக்குச் சண்டை போட முடியுமா.
எழுபதென்றே எழுதினேன்.
மங்கி என்னைப் பார்த்த பார்வையை
அன்று முழுக்க முதுகில் சுமந்தேன்.

மூவாயிரத்துச் சொச்சம் படி.
இருட்டிய பிறகு மேலே யாரும் தங்கக்கூடாது,
பூசாரி உட்பட.
ஆதிநாதரும் நூற்றுக்கணக்கான கோயில்களும்
கதவைச் சாத்திக்கொண்டு தனியே.

கடைசி வெளிச்சத்தில் நவல்சந்த்
டோலியிலிருந்து இறங்கி
மண்டபத்துக்குப் போய் வந்து
நேரே என்னிடம் நின்றார்.
"நிறு."
இறங்குகிறவர்களை நிறுக்கும் வழக்கமில்லை என்றேன்.
"வினை என்பது தூசு, தெரியுமா?
உயிரில் ஒட்டுகிற தூசு.
தூசு என்றால் எடை இருக்கும்.
இன்று எவ்வளவு உதிர்ந்ததென்று
எனக்குத் தெரிய வேண்டும்."
அவர் சிரிக்கவில்லை. நானும்.

ஏறினார். மூச்சைப் பிடிக்க மறந்துபோனார்.
எழுபது ஐந்நூறு.

மூன்று பேர், நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள்.
மெதுவாகக் கேட்டேன்:
"மண்டபத்தில் லட்டு தந்தார்களே, எத்தனை?"
"ஒன்று."
கொஞ்சம் பொறுத்து, "மூன்று.
சேவும் கொஞ்சம். தேநீர்."

இறங்கினார். போகவில்லை.
மங்கி தராசின் ஓரத்தில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"ஏறம்மா" என்றார்.
"எனக்கு யார் கூலி தரப் போகிறார்கள்?"
என்றபடியே ஏறினாள், தோளில் மூங்கிலோடு.
நாற்பத்து நான்கு. மூங்கிலையும் சேர்த்து.

நவல்சந்த் முள்ளைப் பார்த்தார்.
காலையில் பார்த்ததைவிட நேரமெடுத்துப் பார்த்தார்.
வைரம் நிறுத்த மனசு
என்ன வகுத்தது, எதைக் கழித்தது, தெரியாது.
பையைத் திறந்தார்.
"எழுபது இருநூறுதான். நீ சொன்னதே சரி."
மிச்சக் கூலியை எண்ணிக் கொடுத்தார்.
ஒரு நோட்டு கிழிந்திருந்தது.
மங்கி மாற்றிக் கேட்டாள். மாற்றிக் கொடுத்தார்.

எல்லோரும் போனபின்
தராசைத் துடைத்துச் சாக்கால் மூடுகிறேன்.
மூடுமுன் கைவிளக்கை ஒருமுறை காட்டுவேன்.
யாருமே ஏறாத மேடை,
எறும்புகூட இல்லை.
முள் நிற்கிறது
இருநூறில்.
ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறது.