நீல நாடா

ஜூனில் வந்து கட்டியவை இவை.
பூ இருக்கும்போதுதான் தெரியும் எது அசேலியா என்று.
உதிர்ந்த பின்
அதுவும் புளூபெர்ரியும்
ஒரே சீருடையில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள்.
அதனால் செடிக்கொரு நீல நாடா,
இடுப்புயரத்தில்.
மற்றவர்கள் ஒரு சுருக்குப் போடுவார்கள்.
நான் இரட்டை முடிச்சு.
செப்டம்பரில் ரம்பத்தோடு வருவோம்:
நாடா இல்லாததெல்லாம் வெட்டுக்கு.

மேபின் மொட்டை என்று பெயர் இந்த உச்சிக்கு.
பெயரில்தான் மொட்டை.
வட கரோலைனாவின் மற்ற மலைகள்
இதைப் பார்த்துச் சிரித்த காலம் இருந்திருக்கும்,
தலையில் ஒரு மரமில்லாமல்
புல்லும் காற்றுமாக உட்கார்ந்திருக்கிறதே என்று.
இப்போது காதோரத்திலிருந்து ஏறிவிட்டது முடி.
பிளாக்பெர்ரி முள். ஹாத்தார்ன்.
உள்ளே, வெளிச்சம் எட்டாத இடத்தில்,
ஒல்லியாக நீண்டு
நுனியில் மட்டும் நாலு பூ வைக்கிற அசேலியா.

மாடு மேய்ந்த மலை இது.
மே மாதம் ஏற்றுவார்கள், உறைபனிக்கு முன் இறக்குவார்கள்.
அவை புல்லைத் தின்றன, முள்ளின் குருத்தைத் தின்றன,
அசேலியாவை மட்டும் முகர்ந்து பார்த்து விட்டுவிட்டன.
இலையில் விஷம்.
ரசனை என்று சொல்லத்தான் எனக்கு ஆசை.

பிறகு மலையைப் பாதுகாத்தார்கள்.
பலகை நட்டார்கள், மாட்டை இறக்கினார்கள்,
கதவைப் பூட்டினார்கள்.
யாரும் எதையும் தொடாத அந்த நாற்பது வருஷத்தில்தான்
பாதி மொட்டை போனது.

வெட்ட வருகிறவர்கள் பதினொரு பேர்.
பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் டெல்ஃபியா
முள்ளை வேரோடு இழுப்பதைப் பார்த்தால்
யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.
ராய்ஸ் லெட்பெட்டர் லாரி ஓட்டி ஓய்ந்தவர்.
வெட்டுமுன் ஒவ்வொரு செடியையும்
தலை முதல் கால் வரை தடவிப் பார்ப்பார்,
நாடா இருக்கிறதா என்று.
அவசரமே கிடையாது அவருக்கு.

அவர்தான் அதை வெட்டினார்.

சரிந்து விழுந்தபோது யாருக்கும் தெரியவில்லை.
இழுத்துப்போகக் குனிந்த டெல்ஃபியாதான்
கிளை நுனியில் அந்தக் காய்ந்த விதைக்கூட்டைக் கண்டாள்.
நீள்கூடு, ஐந்தாகப் பிளந்தது.
புளூபெர்ரிக்கு அது கிடையாது.
ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார்.
அடிக்கட்டைமுன் மண்டியிட்டு வளையம் எண்ணினார்.
முப்பத்தேழில் கண்ணாடியைத் தேடினார்.
நாடா இல்லையே, இல்லையே,
பார்த்தேனே என்றார்,
எங்களிடம் இல்லை, கட்டையிடம்.

கரடி கடித்திருக்கும் என்றார்கள். காற்று என்றார்கள்.
நான் நாலு அடி தள்ளி நின்றிருந்தேன்.
பக்கத்துப் புளூபெர்ரியின் இடுப்பில்
நீலமாய், வெயிலில் வெளுத்து,
ஒரு நாடா.
இரட்டை முடிச்சு.

ஜூனில் அசேலியாவின் ஒரு கிளை
இதற்குள் புகுந்து பூத்திருக்க வேண்டும்.
பூவைப் பார்த்தேன், தண்டைப் பார்க்கவில்லை.
மழை வேறு வந்துகொண்டிருந்தது.
என் குறிப்பேட்டில் அதன் நிறம் இருக்கிறது,
நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்:
கன்றுக்குட்டியின் நாக்கு.
இந்த மொட்டையில் ஒரு செடியின் நிறம்
இன்னொன்றுக்கு இல்லை.

எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனபோது அவிழ்த்தேன்.
சுருக்காக இருந்தால் ஒரு இழுப்பு.
பல்லால் கடித்தேன்.
பிறகு அந்தப் புளூபெர்ரியையும் வெட்டினேன்,
அடியோடு, தேவைக்கு மேல் தாழ்வாக.

மறுவருஷம் கட்டையிலிருந்து மூன்று துளிர்.
பூக்க இன்னும் எத்தனை வருஷமோ.
மலையேற முழங்கால் விடுவதில்லை ராய்ஸை;
செப்டம்பர் தோறும் தொலைபேசியில் கேட்பார்
என் செடி எப்படி என்று.
என் செடி என்றுதான் சொல்வார்.
துளிர் முழங்காலைத் தொட்டுவிட்டது என்கிறேன்.
மான் ஒன்றைக் கடித்ததைச் சொல்கிறேன்.
சுற்றிலும் ஆளுயரத்துக்கு வெட்டவெளி
வைத்திருப்பதைச் சொல்கிறேன்.
அவர் மூச்சு விடுவது கேட்கும்.
அந்த இடைவெளியில் ஒவ்வொரு முறையும்
இன்னொரு வாக்கியத்துக்கு இடம் இருக்கிறது.
முட்டியை வெந்நீரில் வையுங்கள் ராய்ஸ் என்று
அதை நிரப்பிவிடுகிறேன்.