புள்ளிக்குப் பின்னால்

நஸ்மியா எனக்குச் சொன்ன இலக்கம்
அறுபத்திரண்டு புள்ளி நான்கு.
கிண்ணியாப் பாலத்து நடுவில் காரை நிறுத்தி,
கண்ணாடியை இறக்காமலே சொன்னாள்:
"மூண்டு பேருக்குத்தான் தெரியும்.
நீ, நான், இன்னொராள்."
இன்னொராள் யாரென்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

இழுவைப் படகுகள் ஆறு, பத்து வருடக் குத்தகை.
வென்றால் சீனன்குடாக் கிளைக்குப்
பொது முகாமையாளர் ஒருவர் வேண்டும்.
அந்தக் கதிரையின் தோல் மணத்தை
நான் கனவில் முகர்ந்து முடித்திருந்தேன்.
கொழும்பில் அதை அவளுக்கென்று பேசியாயிற்று என்றான் சாரதி.
சாரதிகளுக்குத்தான் எதுவும் முதலில் தெரியும்.

உப்புவெளி விடுதியில்
எதிர்க் கம்பனிக்காரன் கணவாய்ப் பொரியல் வாங்கித் தந்தான்.
எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே
இலக்கத்தைச் சொன்னேன்.
காசு கேட்கவில்லை,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
கதிரை மட்டும்.
எந்தக் கம்பனியின் கதிரை என்றாலும்.

உறைகள் திறந்த அன்று
மண்டபத்தில் குளிரூட்டி பழுது.
அவர்களுடையதை முதலில் வாசித்தார்கள்:
அறுபத்திரண்டு புள்ளி மூன்று.
எனக்குள் ஒரு கப்பல் நங்கூரம் தூக்கியது.
பிறகு எங்களுடையது:
ஐம்பத்தெட்டு.

யாரோ கை தட்டினார்கள்.
நஸ்மியா தட்டவில்லை.
மேசையில் வடிந்திருந்த தேத்தண்ணியைத் தொட்டு
விரலால் ஒரு புள்ளி வைத்தாள்.

பின்னேரம் துவாரகன் சிரித்துக்கொண்டு வந்தான்.
"எனக்கு அறுபத்தொண்டு புள்ளி ஒன்பது எண்டு சொன்னவ.
உங்களுக்கு?"
நானும் சிரித்தேன்.
பல்லோடு பல் முட்டும் சத்தம் எனக்கே கேட்டது.

பதினொரு நாள்.
கடிதமில்லை, விசாரணையில்லை.
என் கடவுச்சொல் இன்னும் திறக்கிறது.
காவலாளி இன்னும் சல்யூட் அடிக்கிறான்.
ஆழம் கூடிய துறைமுகம் இது,
எவ்வளவு பெரிய கப்பலும்
கரையோரம் வரை சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

நேற்றிரவு கந்தோர் வாசலில் மான்கள்.
எங்கள் ஊர் மான்கள் கடதாசி தின்னும்.
கிழித்துப்போட்ட கோப்புகளுக்குள்
முகம் புதைத்திருந்த ஒன்று
தலை தூக்கி என்னைப் பார்த்தது,
மெல்லுவதை நிறுத்தாமல்.

கைப்பேசி அதிர்ந்தது. நஸ்மியா.
"நாளைக்கு எட்டு மணிக்கு வா.
புதுக் கேள்விப்பத்திரம் ஒண்டு இருக்கு.
இலக்கத்தை
உன்னட்ட மட்டும்தான் சொல்லப்போறன்."