ரசீதில் எழுதிய பெயர்

முதல் ரசீதில் அவன் பெயரைத் தப்பாகத்தான் எழுதினேன்.
ஒபியோரா என்றான்.
ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கு ஒப்பாரி என்று கேட்டது.
பாக்ஸ் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மைக் ஒன்று,
ஒப்பாரி, வேலந்தாவளம், அட்வான்ஸ் இருநூறு.
வாடகையில் நாற்பது ரூபாய் குறைக்கச் சொன்னான்.
ஒனிட்சா சந்தைக்குப் பக்கத்தில் பிறந்து
திருப்பூரில் செகண்ட்ஸ் பனியன் பேரம் பேசிய வாய்.

அன்றைக்குச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம்
கள்ளுக்கடைக்குப் பின்னால், தேங்காய் லோடு ஏற்றும் களத்தில்
பதினோரு பேர் கேட்டார்கள்.
அதில் ஏழு பேர் பெர்மிட்டுக்குக் காத்திருந்த லாரிக்காரர்கள்.
எனக்கு உறுமி தெரியும், செண்டை தெரியும்.
அடி விழவேண்டிய இடத்தைச் சும்மா விட்டுவிட்டு
அடுத்த இடத்தில் போய் விழுகிற தாளம் தெரியாது.
ஒயர் போய்விட்டதென்று பிடுங்கி மாட்டினேன்.
இரண்டு தரம்.
பாடிக்கொண்டே குனிந்து சொன்னான்:
“லூஸ் கனெக்‌ஷன் இல்லைண்ணா, இது ரெகே.”

உச்சே என்று ஒரு கூட்டாளி இருந்தானாம்.
அனுப்பர்பாளையத்தில் ஒரே அறை, ஒரே அடுப்பு.
காய்ச்சலென்று பெரியாஸ்பத்திரிக்குப் போனவன்
நாற்பத்தொரு நாள் அங்கே இருந்தான்.
முதல் மூன்று நாள் உயிரோடு.
மீதி நாள், காகிதம் வர.

இதை அவன் எந்தப் பாட்டிலும் வைக்கவில்லை.
பாட்டில் கணவாய்க் காற்று உண்டு,
மட்டை உரிக்கும் பாரை உண்டு,
சாவடியில் பூசணிக்காயை எண்ணிப் பார்க்கும் அதிகாரி உண்டு.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பெருநாள், சித்தூரில் ஒரு காலேஜ்,
அப்புறம் கொச்சி, அப்புறம் துபாய்.
போஸ்டரில் அவன் சடை என் கை நீளம்.
தேங்காய்க் குடோனில் பதிந்த ஆல்பத்தில்
நன்றி என்று என் சவுண்ட் சர்வீஸ் பெயர், அதுவும் தப்பாக.
கணக்கு நேராகிவிட்டது.

ஒருமுறை மேடையைக் கேரளத்தில் போட்டு
பாக்ஸைத் தமிழ்நாட்டில் வைத்தோம்.
இரண்டு ஸ்டேஷன்காரர்களும் வந்து
சத்தம் யாருடையது என்று பேசத் தொடங்கினார்கள்.
அவர்கள் பேசி முடிப்பதற்குள் கச்சேரி முடிந்தது.

துபாய்ப் பணம் வந்த மாதம்
கார் வாங்குவான் என்றிருந்தோம்.
ஃப்ரீசர் பெட்டி வாங்கினான்.
பிறகு அதை ஏற்ற ஒரு வேன்.
சூளைச் சுவர் சரிந்து போன ராயகடா பையன்,
கஞ்சிக்கோட்டு உருக்காலையில் முதலில் கையும்
நான்காம் நாள் உயிரும் போன பீகார்க்காரர்,
பெயர் மட்டும் கிடைத்து ஊர் கிடைக்க
ஒன்பது நாளான ஒரு பெண்.
எந்த ஜன்னலில் எந்தச் சான்றிதழ்,
பார்சல் ஆபீஸில் யார் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார்,
சங்கதி பிசகாமல் சொல்வான்.

வேனில் எழுத வந்த ஆர்ட்டிஸ்ட்
என் பழைய ரசீதைப் பார்த்து எழுதிவிட்டான்:
ஒப்பாரி இலவச அமரர் ஊர்தி.
அழிக்கச் சொன்னேன்.
ஏன் என்றான். அர்த்தம் சொன்னேன்.
வெயிலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு
இருக்கட்டும் என்றான்.
எழுத்துக்கூலியில் மட்டும் முப்பது ரூபாய் குறைத்தான்.

பெட்டி என் ஷெட்டில்தான் நிற்கிறது. கரண்ட் என் மீட்டரில்.
வாரத்துக்கு ஒரு ராத்திரி சும்மா ஓடவிடுவோம்.
அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரே சுருதியில் முனகும்.
போன வெள்ளிக்கிழமை அந்த முனகலுக்குத்தான்
பாஸ் கிதாரைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.
போன் வந்தது.
நடுப்புணி ரோட்டோரம், வயது இருபதுக்குள்,
சட்டைப் பையில் ஒரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு.

கிதாரை என் மடியில் வைத்துவிட்டுப்
பெட்டியை வேனில் ஏற்றினான்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
தடித்த கம்பியை ஒருதரம் இழுத்துவிட்டேன்.
ஷெட்டுக்குள் அது அடங்க நேரமானது.
அவன் சாவடியைத் தாண்டியிருப்பான்.