ஏழாம் எண்

கப்பல் காப்பீட்டு அலுவலகத்தின் நாலாம் மாடியிலிருந்து
எங்களை நால்வர் நால்வராகத் தெருவில் இறக்கிவிட்டார்கள்.
கையில் ஒரு தாள்,
ஒன்றரை மணி நேரம்,
படமெடுத்து ஜெயித்தால்
ஆளுக்கு ஒரு போத்தல் ஆலிவ் எண்ணெய்.

ட்ரியெஸ்தேயில் பிப்ரவரி.
போரா கிளம்பியிருந்தது:
கார்ஸ்ட் மேட்டிலிருந்து இறங்கி
குடைகளை முறித்துக் கடலில் துப்பும் வாடை.
குப்பைத் தொட்டிகள் தாமாகவே வீடு மாறிக்கொண்டிருந்தன.

ஒன்று: மூக்குத் தேய்ந்த சிங்கம்.
இருபது வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.
அதற்கு மூக்கு தேய்ந்தது இன்றுதான் தெரியும்.
இரண்டு: பெயர் தப்பாக எழுதிய அழைப்புமணி.
சோரா தன் வீட்டு வாசலுக்கே கூட்டிப்போனாள்.
அவளுடைய ஸ்லோவேனியப் பெயரின் தலையில் இருக்க வேண்டிய கொக்கியை
எவனோ விட்டிருந்தான்,
அவளும் விட்டுவிட்டாள்.

மூன்றுக்கு நால்வரும் ஒரே நேரத்தில் அந்தரத்தில்.
போனை பெஞ்சில் சாய்த்து வைத்துக் குதித்தோம்.
எல்லாப் படத்திலும் ஸ்தேலியோ மட்டும் ஏற்கெனவே தரையில்.
"ஐம்பத்தெட்டு வயசு," என்றான், "பூமிக்கு என்மேல் பாசம்."

நான்கு, ஐந்து, ஆறு
சொல்லி உங்களை அலுப்பூட்ட மாட்டேன்.
ஆறு ஒரு பூனை.

ஏழு: காற்று.
அவ்வளவுதான் எழுதியிருந்தது.

நெவியாவின் முடியை எடுத்தோம். முடிதான் வந்தது.
கொடிக்கம்பத்தை எடுத்தோம். கொடி.
படகுத்துறையில் அலை சிதறுவதை எடுத்தோம்.
நனைந்தோம்.
எப்படி எடுத்தாலும் தள்ளப்பட்டதுதான் அகப்படுகிறது,
தள்ளியவன் இல்லை.
"தினமும் நாம் பார்க்கிற கோப்புதானே இது," என்றாள்
பன்னிரண்டு வருடமாகச் சேதக் கணக்கு எழுதும் சோரா.

அப்போது சான் ஜூஸ்தோ மேட்டுப் படிக்கட்டில்
ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு
அவசர வேலை இருப்பதுபோல் எங்களைக் கடந்து போனது.
பின்னாலேயே ஓர் இளைஞன்,
காலில் காலுறை மட்டும்,
கண்ணில் பாதித் தூக்கம்.
பேர் தூல்லியோ, பேக்கரியில் இரவு வேலை,
இருப்பதே அந்த ஒரு விரிப்பு:
இதெல்லாம் பிறகு சொன்னது.
அப்போது "பிடிங்க!" என்று மட்டும்.

ஓடினோம்.
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டது, கைவிட்டது.
ஒரு வெஸ்பாவுக்கு முக்காடு போட்டு மணப்பெண்ணாக்கியது,
அதையும் கைவிட்டது.
கடலுக்கு இன்னும் ஓரடி இருக்கையில்
ஸ்தேலியோ, அதே ஸ்தேலியோ,
எகிறி ஒரு மூலையைப் பிடித்தான்.
நெவியா ஒன்று. சோரா ஒன்று.
நாலாவது தானாக என் முகத்தில் அறைந்தது.

விரிப்பு நிறைந்தது.
நடுவில் முதுகை வளைத்து எழுந்தது ஒன்று.
கனமானது. உருண்டையானது.
எங்களை ஒரு எட்டு அந்தப் பக்கம் இழுத்தது,
பிறகு இந்தப் பக்கம்.
தோள்பட்டை வரை அதன் எடை தெரிந்தது.
"இதோ, இதுதான், யாராவது எடுங்களேன்!"
நெவியா கத்தினாள்.

எட்டுக் கை. எட்டும் விரிப்பில்.
நாலு போனும் பையில்.
தூல்லியோவின் போன் அவன் கட்டிலில்.

கடைசியாக வந்தோம்.
எண்ணெய் கணக்குப் பிரிவுக்குப் போனது.
ஏழுக்கு அவர்கள் காட்டியது விழுந்து கிடந்த ஒரு சைக்கிள்,
முழு மதிப்பெண்.
ஆட்சேபம் எழுதலாம் என்றாள் சோரா.
சாட்சி?

அந்த விரிப்பை மடித்துத்தான் கொடுத்தோம்,
மூலையோடு மூலை சேர்த்து.
ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக
அது வெளியேறிப் போனது.

காலையில் ரொட்டி வாங்க வரச் சொன்னான் தூல்லியோ,
ஐந்து மணிக்கு, சூடாக இருக்குமாம்.
அந்த நேரத்துக்கு யார் போவார்கள்.

போனேன்.
வரிசையில் எனக்கு முன்னால்
மூன்று பேர்,
தொப்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு.